வெள்ளைச் சட்டை போட்டு அனுப்பாதீர்கள்

மதுரைக்கு வெளியே ஒரு மாந்தோப்பில் ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தைகளுக்கு அறிவியலும் ஓவியமும் கலந்த பட்டறை நடத்துகிறார்கள். காலை 9 முதல் 12 வரை, தலைக்கு 600 ரூபாய். ஏழு வயதுப் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போனேன். நான் முப்பது வருடம் பள்ளியில் வேதியியல் நடத்தியவன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன், குறை கண்டுபிடிப்பதிலிருந்து இன்னும் பெறவில்லை.

கார்ன்ஃப்ளார் தொட்டிக்கு முழு மதிப்பெண். துணி ஊறவைக்கும் பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் இரண்டு பங்கு மாவு, ஒரு பங்கு தண்ணீர். ஓங்கிக் குத்தினால் தரை மாதிரி தாங்குகிறது. விரலை மெல்ல இறக்கினால் உள்ளே வாங்கிக்கொள்கிறது. உருட்டிக்கொண்டே இருக்கும் வரை உருண்டை, கை நின்றதும் விரலிடுக்கில் ஒழுகிவிடும். பேத்தி முதலில் ஒரு விரலை விட்டாள், அப்புறம் முழங்கை வரை, பிறகு யாரையும் கேட்காமல் இரண்டு காலையும். ஒருவரும் அதட்டவில்லை. காசு அதற்கே சரியாகிவிட்டது. (வீட்டில் செய்து பார்ப்பவர்கள் மிச்சத்தைக் கழுவுதொட்டியில் கொட்ட வேண்டாம். மாவு குழாயில் படிந்து அடைத்துக்கொள்ளும்.)

எரிமலை சுமார்தான். களிமண் கூம்புக்குள் ஆப்ப சோடா, அதன்மேல் சிவப்புச் சாயம் கலந்த வினிகர். நுரை பொங்கியது, கைதட்டினார்கள். நடத்திய இளைஞரோ, நிஜ எரிமலையும் இப்படித்தான் வெடிக்கிறது என்று சொல்லிவிட்டார். இங்கே சோடாவும் அமிலமும் சேர்ந்து கரியமில வாயு வருகிறது. அங்கே உருகிய பாறைக்குள் அடைபட்ட நீராவியும் வாயுக்களும் முட்டிக்கொண்டு வருகின்றன. ஓரமாக அழைத்துச் சொன்னேன். "சரி சார்" என்றார். அடுத்த குழுவுக்கும் அதையேதான் சொன்னார்.

செம்பருத்தி இதழைத் தாளில் தேய்த்து, எலுமிச்சைச் சாறு தொட்டு இளஞ்சிவப்பும் ஆப்ப சோடா கரைத்த தண்ணீர் தொட்டுப் பச்சையுமாகப் படம் வரைந்தது அழகு.

பெரிய குறை தண்ணீர். இருபத்தைந்து குழந்தைகளுக்கு ஒரே குழாய். மஞ்சளைக் குழைத்துத் துணியில் கைத்தடம் பதித்துவிட்டு, அதே கையைக் கவுனில் துடைத்துக்கொண்டு வரிசையில் நின்றாள் பேத்தி. முறை வந்ததும் கறையில் சோப்பைத் தேய்த்தாள். மஞ்சள் சட்டென்று சிவந்தது. "தாத்தா, ரத்தம்!" என்று ஒரே அலறல்.

ஓவிய மேசையில் கிடந்த எலுமிச்சை மூடியை எடுத்து அதன்மேல் பிழிந்தேன். சிவப்பு போய் மஞ்சள் திரும்பியது. அடுத்த நிமிடம் என்னைச் சுற்றி எட்டுக் கறைச் சட்டைகள். சோப்பின் காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும், எலுமிச்சையின் அமிலம் பட்டால் பழையபடி ஆகும், சுண்ணாம்பு சேர்த்ததும் ஆரத்தித் தண்ணீர் சிவப்பதும் இதனால்தான் என்றேன். "அப்படியானால் ஆரத்தித் தட்டில் எலுமிச்சை பிழிந்தால்?" என்றான் ஒரு பையன். வீட்டில் செய்து பார் என்றேன். அவனுடைய அம்மா என்னை முறைத்தார்.

இது அவர்கள் நிகழ்ச்சி நிரலில் இல்லை. சேர்த்துக்கொள்ளலாம், செலவு ஒரு சோப்புக்கட்டிதான்.

கவுனை மொட்டைமாடியில் இரண்டு நாள் நல்ல வெயிலில் போட்டதில் மஞ்சள் பெரும்பாலும் வெளுத்துவிட்டது. களிமண் கறை போகவில்லை. மருமகளிடம் இன்னும் காட்டவில்லை. வரும் ஞாயிறும் போகிறோம், என் பழைய சட்டை ஒன்றைப் பேத்திக்கு மாட்டிவிட்டு, ஒரு குடம் தண்ணீரோடு.