கொழும்பு பஞ்சிகாவத்தை வயரிங் கடை: ட்ராக்கர் பேக்கப் பற்றரிக்கு நம்பிப் போகலாம்

ஸ்கூல் வான் ஓட்டுறன். பெரிய பற்றரியைக் கழற்றினால் வான் எங்க நிக்குது எண்டு காட்டுற ட்ராக்கரும் செத்துப்போகும் எண்டதால, 12 வோல்ட் சின்ன சீல்ட் பற்றரி ஒண்டு தனியாப் பூட்டக் குடுத்தன்.

பெரிய பற்றரியின்ர பிளஸ்ஸுக்குக் கிட்டவே ஒரு பியூஸ், சின்னதின்ர பிளஸ்ஸில இன்னொண்டு. இடையில, கரண்டை ஒரு பக்கம் மட்டும் போக விடுற டயோட். அது இல்லாட்டி, ஸ்டார்ட் பண்ணேக்க சின்னதும் சேர்ந்து மோட்டரைச் சுத்தப் பாக்கும். மெல்லிய வயர் தாங்காது. சாதாரண டயோட்டில 0.7 வோல்ட் மட்டில இழப்பு எண்டு இழப்புக் குறைஞ்ச ஷொட்கி டயோட் போட்டவர் கடைக்காரர்.

எனக்குப் பிடிச்சது எர்த் வேலைதான், அதாவது மைனஸ் வயரை வான் பொடியில பூட்டுறது. மற்ற இடங்களில டாஷ்போர்டுக்குள்ள கைக்கு அம்பிட்ட ஸ்க்ரூவில வயரைச் சுத்தி விடுவினம். இவர் வான் பொடியின்ர பெயின்டைச் சுரண்டி, வெறும் தகரம் தெரிஞ்ச பிறகு, வயர் நுனியில வளையம் மாதிரி ரிங் லக் நசுக்கி, பல்லு வாஷரோட போல்ட்டில இறுக்கினார். மேல கிரீஸ். ட்ராக்கரின்ர மைனஸும் சின்னப் பற்றரியின்ர மைனஸும் அதே போல்ட்டில. பிறகு எஞ்சின் ஓட, போல்ட்டுக்கும் பெரிய பற்றரி மைனஸுக்கும் நடுவில மீற்றரை வைச்சார். 0.1 வோல்ட்டும் இல்லை, எர்த் நல்லாப் பிடிச்சிருக்கு.

"அண்ணை, கடல்காத்து, எர்த்தில கறள் பிடிக்கும். மழைக்காலம் முடியத் திரும்ப ஒருக்காப் பாருங்கோ" எண்டார்.

குறையும் இருக்கு. சின்னப் பற்றரியைச் சீற்றுக்குக் கீழ கேபிள் டையால மட்டும்தான் கட்டினார். தகரப் பட்டி நான் கேட்டுத்தான் வந்தது. வான் நிப்பாட்ட இடமில்லை, காலமை கடை திறக்கேக்கயே போங்கோ.