ஓராண்டுப் பட்டியலா, மூன்றாண்டுப் பட்டியலா?

மார்ட்டின் லுத்தர் வழிவந்த லுத்தரன் கிறிஸ்தவ சபைகளில், எந்த ஞாயிறு பைபிளின் எந்தப் பகுதியை வாசித்துப் பிரசங்கிப்பது என்று சொல்லும் வாசகப் பட்டியல்கள் இரண்டு விதம் உண்டு. லுத்தர் கைவிடாமல் வைத்துக்கொண்ட பழைய ஓராண்டுப் பட்டியலில், திரித்துவத் திருநாளுக்குப் (பெந்தெகொஸ்தேக்கு அடுத்த ஞாயிறு) பின்வரும் 13ஆம் ஞாயிறு என்றால் வருஷா வருஷம், அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் உவமைதான். அதே எண்ணெய், அதே திராட்சரசம், அதே சத்திரக்காரன். கேட்பவர்களுக்கு மனப்பாடமாகிவிடும். போதகர் பாடுதான் திண்டாட்டம், போன வருஷம் சொன்னதையே சொல்ல முடியாதே!

1969இல் கத்தோலிக்கர் வகுத்த அமைப்பைத் தழுவிய மூன்றாண்டுப் பட்டியலில் அந்த உவமை லூக்கா சுவிசேஷத்துக்கான ஆண்டில் மட்டுமே வரும். இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நான்கு சுவிசேஷங்களில், ஆண்டுக்கு ஒன்றாக முதலில் மத்தேயு, அடுத்து மாற்கு, அப்புறம் லூக்கா. யோவானுக்குத் தனி ஆண்டு இல்லை. ஒரே சுவிசேஷத்தை வாராவாரம் தொடரலாம் என்பதால் வேதபாட வகுப்புக்கு இது தோது. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க என்றால் என் ஓட்டு பழையதற்கே.