எர்த்ஸீயா, போனா: பதின்பருவ வாசகருக்கு எதை முதலில் கொடுப்பது?

மிகுபுனைவு (ஃபேன்டசி) தொடர்களுக்குள் நுழைய விரும்பும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு நாவலைக் கொடுப்பதா, கிராஃபிக் நாவலைக் கொடுப்பதா என்ற கேள்வி எழும்போது, படம் உள்ளது எளியது, எழுத்து மட்டும் உள்ளது உயர்ந்தது என்ற எண்ணத்தோடுதான் பெரியவர்களில் பலர் பதில் சொல்கிறார்கள். அந்த எண்ணம் தவறு என்பது இரண்டு அமெரிக்கத் தொடர்களை அடுத்தடுத்துப் படித்தாலே விளங்கும். ஒன்று, உர்சுலா லெ குவின் 1968இல் தொடங்கிய எர்த்ஸீ நாவல் வரிசை. மற்றது, ஜெஃப் ஸ்மித் எழுதி வரைந்து 1991 முதல் 2004 வரை 55 இதழ்களாக வெளிவந்த போன் (Bone) என்ற கிராஃபிக் நாவல்.

எர்த்ஸீயின் முதல் நாவலில், கெட் என்ற மாணவன் தன் ஆற்றலைக் காட்டிவிட வேண்டும் என்ற செருக்கில் ஒரு நிழலை உலகுக்குள் விட்டுவிடுகிறான். முதலில் அதற்கு அஞ்சி ஓடுகிறான், பிறகு அதையே தேடிப் போகிறான். தொடக்கத்தில் ஒரு படையெடுப்பு வந்தாலும் போரை மையமாகக் கொள்ளாத இந்தக் கதையை எழுத்து மட்டுமே தாங்கி நிற்கிறது. 1971இல் வந்த இரண்டாம் நாவலில் அந்த வலிமை இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. அதன் நாயகி டெனார் காவல் காக்கும் நிலத்தடிப் பாதைகளின் ஒரு பகுதியில் விளக்கேற்றவே தடை உண்டு. ஆகவே அவள் சுவரைத் தடவியும் திருப்பங்களை எண்ணியும் வழியறிகிறாள், வாசகரும் அவளோடு கையால் தடவியே நடக்கிறார். ஓவியர் எத்தனை தேர்ந்தவராயினும் அங்கே கறுப்புப் பக்கத்தைத்தான் தர முடியும்.

கெட்டின் செம்பழுப்பு நிறத்தையும் அவன் நண்பன் வெட்ச்சின் கருநிறத்தையும் லெ குவின் போகிற போக்கில்தான் சொல்கிறார். மந்திரவாதி என்றாலே வெள்ளையராக எண்ணிப் பழகிய வாசகர், தம் மனத்தில் வரைந்த முகத்தைத் தாமே திருத்திக்கொள்ள நேர்கிறது. பின்னாளில் பல பதிப்புகளின் அட்டைகள் கெட்டை வெள்ளையனாக்கிக் காட்டியதை அவர் வெளிப்படையாகவே கண்டித்தார்.

போன் வேறு வகையில் வல்லது. சொந்த ஊரிலிருந்து விரட்டப்பட்ட மூன்று உறவினர்கள் ஒரு பள்ளத்தாக்கில் வந்து சிக்குகிறார்கள். அவர்களைச் சில வளைகோடுகளால் மட்டுமே வரையும் ஸ்மித், சுற்றியுள்ள காட்டையும் மலையையும் நுணுக்கமாக வரைகிறார். அந்த வேறுபாட்டினாலேயே அவர்கள் அந்த மண்ணுக்கு அயலார் என்பதைச் சொல்லாமல் சொல்லிவிடுகிறார். செங்குத்தான பாறையோரத்தில் ஒரு மெலிந்த கிளையைப் பற்றிக்கொண்டிருக்கும் ஃபோன் போன் (அம்மூவரில் ஒருவன்), முட்டாள்களாக இருந்தால்தான் தன்னைத் துரத்தும் எலி அரக்கர்கள் இங்கே பின்தொடர்வார்கள் என்கிறான். அடுத்த கட்டத்தில் அவர்களும் அதே கிளையில் தொங்குகிறார்கள். இரு கட்டங்களுக்கு இடையே உள்ள வெற்றிடத்தில்தான் சிரிப்பு பிறக்கிறது. இதே அரக்கர்கள் பின்னர் மெய்யாகவே அச்சமூட்டும்போது கோடும் மாறுவதில்லை, உலகும் மாறுவதில்லை; நகைப்பையும் கிலியையும் இப்படி ஒரே தளத்தில் நிறுத்துவது உரைநடைக்கு மிகக் கடினம்.

குறையும் உண்டு. பிற்பாதியில் அரச மரபின் பழங்கதை நெடிய உரையாடல்களாக வரும் இடங்களில் ஓவியம் வெறுமனே உடன் நிற்கிறது. 2005 முதல் ஸ்காலஸ்டிக் நிறுவனம் ஒன்பது தொகுதிகளாகக் கொண்டுவந்த வண்ணப் பதிப்பு இளையோரை எளிதில் ஈர்க்கும். ஆனால் இரவுக் காட்சிகளுக்கு மூலத்தின் கறுப்பு வெள்ளையே பொருந்துகிறது என்பது என் துணிபு.

நீண்ட வாக்கியங்களில் பொறுமை இழக்கும் பிள்ளைக்கு முதலில் போனைக் கொடுக்கலாம், ஆனால் எர்த்ஸீக்கு ஏறும் படியாகக் கருதிக் கொடுக்கக் கூடாது. தனிமையும் குற்றவுணர்வும் என்னவென்று அறியத் தொடங்கிய பிள்ளைக்கு எர்த்ஸீயை முதலிலேயே கொடுக்கலாம். அதிலும் முதல் மூன்று நாவல்களோடு சற்று நிறுத்துவது நல்லது; 1990இல் வந்த நான்காவது நாவல், கொடுமைக்கு ஆளாகித் தீக்காயமுற்ற ஒரு குழந்தையைப் பற்றியது, அதற்கு இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்கலாம்.

நாவலைப் பின்னர் படக்கதையாகச் சுருக்கிய பதிப்புகளை மட்டும் முதலில் கொடுக்க வேண்டாம் என்பேன். 2005இல் வந்த பெர்சி ஜாக்சன் தொடரின் முதல் நாவலின் உயிர், பெர்சியே தன் வாயால் கதை சொல்லும் குறும்பில் இருக்கிறது. 2010இல் வந்த அதன் கிராஃபிக் வடிவில் நிகழ்ச்சிகள் எஞ்சுகின்றன, அந்தக் குரல் பெருமளவு போய்விடுகிறது. படக்கதைதான் வேண்டுமென்றால், போனைப் போலவோ கசு கிபுயிஷியின் அமுலெட்டைப் போலவோ தொடக்கத்திலிருந்தே ஓவியமாக எண்ணப்பட்ட தொடரைத் தேர்ந்துகொள்ளலாம்.