பவர்லைன் அடாப்டர் வாங்குகிறவர்களே, பெட்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நகத்தால் கிளப்பிப் பாருங்கள்

பதினோரு மாத நெட் பில். அவ்வளவு பணம் இந்த அடாப்டரில் போய்விட்டது. கடையின் பெயரைப் போடவில்லை. நெட்வொர்க் சாமான்கள் விற்கும் பெரிய ஆன்லைன் தளம் ஒன்று, அதற்குள் கடை விரித்திருக்கும் ஒரு விற்பனையாளர், அவ்வளவு போதும். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், ஆறினால் பாதி விவரம் மறந்துபோகும்.

ரூட்டர் கீழ்த்தளம், வேலை பார்க்கும் அறை மேல்தளம். நடுவில் கான்கிரீட் தளம். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மேலே ஏறுவதே இல்லை, 2.4 வரும், ஆனால் விட்டுவிட்டு வரும். கேபிள் இழுக்க வழியில்லை. அதனால்தான் கரண்ட் வயரிலேயே நெட்டை அனுப்பும் பவர்லைன் அடாப்டர். மூன்று பெட்டி கொண்ட செட்: ஒன்று ரூட்டர் பக்கத்தில், இரண்டு மேலே.

வாங்குவதற்கு முன் சாட்டில் மூன்று கேள்வி கேட்டேன். லேன் போர்ட் (கேபிள் சொருகும் துளை) கிகாபிட்டா, அதாவது 1000 எம்பிபிஎஸ் போகுமா? எர்த் பின்னையும் பயன்படுத்தும் மைமோ வகையா? கீழும் மேலும் வேறு வேறு ஃபேஸாக இருந்தால் ஓடுமா? பத்தே நிமிடத்தில் வரிசையாகப் பதில். முதல் இரண்டுக்கும் "ஆமாம் சார்". மூன்றாவதற்கு, "வேற ஃபேஸ்னா ஸ்பீடு ரொம்பக் குறையும் சார், ஒரே ஃபேஸான்னு செக் பண்ணிட்டு வாங்குங்க."

விழுந்தது இந்த இடத்தில்தான். விற்பனை கைவிட்டுப் போனாலும் பரவாயில்லை என்று உண்மையைச் சொல்கிறானே என்று நினைத்தேன். அந்த ஒரு உண்மையை நம்பி மற்ற இரண்டு பொய்யையும் சேர்த்து விழுங்கினேன். மெயின் போர்டில் ஒரு ஃபேஸை இறக்கிப் பார்த்தேன், கீழ் ப்ளக்கும் மேல் ப்ளக்கும் சேர்ந்தே அணைந்தன. ஒரே ஃபேஸ். பணத்தைக் கட்டிவிட்டேன்.

வந்த பெட்டிகளில் இரண்டே பின். படத்தில் மூன்று இருந்தது. கேட்டால், "ரெண்டு பின் மாடலும் அதே சிப்தான் சார்." அப்போதே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். மைமோ என்பது ஃபேஸ், நியூட்ரல், எர்த் என்று மூன்று கம்பியிலும் சிக்னலைப் பிரித்து அனுப்புவது. எர்த் பின்னே இல்லாத பெட்டி அதை எப்படிச் செய்யும்?

மேலே சொருகினேன். 11 எம்பிபிஎஸ்.

இந்தச் சாமானில் ஏமாற்றுவது எவ்வளவு சுலபம் என்பதைக் கவனியுங்கள். எது ஓடாவிட்டாலும் பழியைச் சுவர் மேல் போட்டுவிடலாம். சுவருக்குள் இருக்கும் வயரை யார் திறந்து பார்க்கப் போகிறார்கள்? 3ஆம் நாளே புகார் கொடுத்தேன். அன்றைய பதில்: ரீஸ்டார்ட் பண்ணுங்க. மறுநாள்: ரீசெட் பண்ணி அடாப்டர்களை மறுபடி ஜோடி சேருங்க. 5ஆம் நாள் எதிர்பார்த்த பதில் வந்தது: "வீட்டு வயரிங் பழசா இருக்கும் சார், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டுங்க. ஃபேஸ் பத்தி நாங்க முன்னாடியே சொன்னோமே." என்னை நம்ப வைத்த அதே வரியை இப்போது கேடயமாகப் பிடித்தார்கள்.

சுவரைக் கணக்கிலிருந்து எடுத்துவிட ஒரு சோதனை உண்டு. இதைச் செய்யாமல் யாரும் வயரிங்கைக் குறை சொல்ல விடாதீர்கள். ரூட்டரை ஒதுக்கிவிடுங்கள். இரண்டு அடாப்டரையும் ஒரே போர்டில் அடுத்தடுத்த சாக்கெட்டில் நேராகச் சொருகி, ஒவ்வொன்றிலும் ஒரு லேப்டாப்பைக் கேபிளால் இணையுங்கள். இரண்டுக்கும் கையாலேயே ஐபி முகவரி கொடுத்து, வைஃபையை அணைத்துவிட்டு, வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப் 3 மென்பொருளை ஓட்டுங்கள், ஒரு பக்கம் சர்வர், மறு பக்கம் க்ளையன்ட். நடுவில் இருப்பது ஒரு சாண் வயர்தான்.

எனக்கு வந்தது 94. மறுபடி 94. திசையை மாற்றினால் 93. ஆணி அடித்த மாதிரி அங்கேயே நிற்கிறது. வயரிங் கெட்டிருந்தால் எண் ஏறி இறங்கும், இப்படி ஒரே கோட்டில் நிற்காது. 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட் போர்ட்டில் பாக்கெட் தலைப்புகளுக்கு (தரவோடு கூடவே போகும் முகவரி விவரங்களுக்கு) போனது போக மிஞ்சுவது சுமார் 94, 95தான். லேப்டாப்பின் நெட்வொர்க் நிலையைத் திறந்தால் அங்கேயும் இணைப்பு வேகம் 100 என்றே காட்டியது. அதே கேபிளை ரூட்டரில் சொருகினால் 1000. ஆக கேபிள் மேல் தப்பில்லை, போர்ட் கிகாபிட்டே இல்லை.

அப்புறம்தான் அட்டைப்பெட்டியைத் திரும்ப எடுத்தேன். முன்பக்கம் 1200 எம்பிபிஎஸ் என்று பளபளப்பான நீல ஸ்டிக்கர், ஒரு மூலை மட்டும் லேசாகத் தூக்கியிருந்தது. நகத்தைக் கொடுத்து இழுத்தால் அடியில் அச்சடித்த எழுத்தில் 600. அடாப்டரின் அடிப்பக்க லேபிளில், எறும்பு அளவு எழுத்தில், 10/100, அதாவது போர்ட்டின் உச்ச வேகமே 100.

படம் எடுத்து அனுப்பினேன். "ஒரே போர்டில் வைத்துச் சோதித்தேன், அங்கே ஏது பழைய வயரிங்?" என்று கேட்டேன். வந்த பதில்: "புரியுது சார். ரீசெட் பட்டனைப் பத்து செகண்ட் அழுத்திப் பாருங்க."

8ஆம் நாள்: ரிட்டர்ன் காலம் 7 நாள், முடிந்துவிட்டது. புகார் கொடுத்தது 3ஆம் நாள் என்றேன். புகார் வேறு, ரிட்டர்ன் கோரிக்கை வேறாம். தளத்தில் முறையிட்டால் "விற்பனையாளரை அணுகவும்". விற்பனையாளரிடம் போனால் "தளத்தில் கேளுங்க". நடுவே டிக்கெட் மூடப்பட்டது என்று ஒரு குறுஞ்செய்தி. கூடவே, மெஷ் வைஃபை செட் (பல பெட்டிகள் சேர்ந்து வீடு முழுக்க வைஃபை தருவது) வாங்கிக்கொண்டால் தள்ளுபடி தருகிறார்களாம். பதினோரு மாத நெட் பில்லை விழுங்கிவிட்டு ஏப்பம் விடுகிறார்கள்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், எங்கள் வயரிங் ஒன்றும் உத்தமம் இல்லை. மெயின் போர்டில் எல்லா எம்சிபியையும் (சர்க்யூட்டுக்கு ஒன்றாக இருக்கும் ட்ரிப் சுவிட்ச்) இறக்கி, அடாப்டர் இருக்கும் இரண்டு சர்க்யூட்டை மட்டும் விட்டபோது மேலே 11 என்பது 26 ஆனது. ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே வந்ததில், ஒரு அறையின் சீலிங் எல்இடி விளக்கைப் போட்டதும் சரிந்தது. மலிவு டிரைவர் (எல்இடிக்குத் தகுந்தபடி கரண்டை மாற்றித் தரும் சர்க்யூட்) அந்த விளக்கில். பவர்லைன் ஓடுவது 2 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி, ஏவி2 என்ற பவர்லைன் தரத்தில் 86 வரை. மலிவான எல்இடி டிரைவரும் போன் சார்ஜரும் மின் இரைச்சலைக் கொட்டுவதும் அதே பட்டையில்தான். ஆனால் 26 கிடைப்பது வயரிங்கின் குறை, 600ஐ 1200 என்று விற்றது திருட்டு. இரண்டையும் குழப்பித்தான் அவர்கள் தப்பித்தார்கள்.

வயர்லெஸ் மாற்று வழிகளைப் பற்றி விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. அவசரத்துக்குச் சில, முதலில் அடாப்டருக்கு, பிறகு வைஃபைக்கு:

அடாப்டரை ஸ்பைக் கார்டிலோ ஃபில்டர் உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ சொருகாதீர்கள், அது சிக்னலையே தின்றுவிடும். யுபிஎஸ், இன்வெர்ட்டர் வழியாக வரும் ப்ளக்கும் வேண்டாம். பவர்லைனில் ஹோம்ப்ளக், ஜி.ஹெச்.என். என்று இரண்டு தரம் உண்டு, அவை ஒன்றோடொன்று பேசாது, கலந்து வாங்காதீர்கள். பெட்டியில் போட்டிருக்கும் 600, 1200, 2000 எதுவும் கைக்கு வரும் வேகம் இல்லை. முதலில் லேன் போர்ட் கிகாபிட்டா என்று பாருங்கள்.

வைஃபை சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டரை நெட் வராத அறையில் வைத்துப் பயனில்லை, சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் பாதி வழியில் வைக்க வேண்டும். ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே அனுப்பும் ரிப்பீட்டர் வேகத்தைப் பாதியாக்கும். மெஷ் என்றால் பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளத் தனிப் பட்டை உள்ள ட்ரை பேண்ட் வகையாகக் கேளுங்கள். கான்கிரீட் தளத்தைத் துளைக்க முயலாமல் மாடிப்படி வாயில் ஒன்றை வையுங்கள், படிக்கட்டுத் திறப்பு வழியாக 5 கிகாஹெர்ட்ஸ் ஏறும். 2.4 மட்டும்தான் எட்டுகிறது என்றால் ரூட்டர் செட்டிங்கில் சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ், சேனல் 1, 6, 11இல் காலியானது எதுவோ அது.

பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள், அடாப்டரின் அடிப்பக்க லேபிளும் அதில் விழட்டும். இரண்டு அடாப்டரையும் ஒரே போர்டில் சொருகிப் பார்க்கும் சோதனையை முதல் நாளே செய்யுங்கள். புகாரோடு நிறுத்தாமல் ரிட்டர்ன் பட்டனையும் அன்றே அழுத்திவிடுங்கள், நான் அதை அழுத்தாததற்குத்தான் பதினோரு மாத நெட் பில்.