லினக்ஸ் மின்ட்: ஒரு மொழிபெயர்ப்பாளரின் நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

பெங்களூரு அல்சூரில் வீட்டிலிருந்தபடியே தமிழ் மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும் செய்துவருகிறேன். கணினித் துறைக்கும் என் படிப்புக்கும் தொடர்பில்லை. 2020ஆம் ஆண்டின் இறுதியில், எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பழைய மடிக்கணினி ஒன்றில் லினக்ஸ் மின்ட் 20 பதிப்பை நிறுவினேன். அன்று முதல் என் தொழில் முழுவதும் அந்த இயங்குதளத்தில்தான் நடந்துவருகிறது. லினக்ஸுக்குப் புதிதாக வருபவர்களுக்காக எழுதப்படும் குறிப்புகள் பெரும்பாலும் நிறுவும் முறையோடு நின்றுவிடுகின்றன. ஆனால் நிறுவுவது ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துபோகும் வேலை. அதற்குப் பின் வரும் ஆண்டுகளில் தமிழில் தட்டச்சு செய்வதும், பிறர் அனுப்பும் கோப்புகளைத் திறப்பதும், அச்செடுப்பதும் எப்படி அமைகின்றன என்பதைப் பொறுத்தே ஒருவர் லினக்ஸில் நிலைத்திருப்பதும் விட்டுவிடுவதும் முடிவாகிறது. ஆகவே அவற்றைப் பற்றியே விரிவாக எழுதுகிறேன்.

லினக்ஸ் என்பது கண்டிப்பாகச் சொன்னால் ஒரு கருநிரல் (கெர்னல்), அதாவது இயங்குதளத்தின் மைய நிரல். ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்டது. அதனுடன், ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்த குனு திட்டத்தின் கருவிகளையும் வேறு மென்பொருள்களையும் சேர்த்துப் பலரும் பல வழங்கல்களாக (டிஸ்ட்ரோ) தருகிறார்கள். உபுண்டு, ஃபெடோரா, டெபியன், மின்ட் எல்லாம் அப்படிப்பட்டவையே. எந்த வழங்கலை எடுப்பது என்ற கேள்வியில் புதியவர்கள் வாரக்கணக்கில் தங்கிவிடுவதை நான் பார்க்கிறேன். அது தேவையற்றது என்பது என் உறுதியான கருத்து. உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பை அடிப்படையாகக் கொண்ட மின்ட், ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் பாதுகாப்பு இற்றைகளை (அப்டேட்) தருகிறது. விண்டோஸில் பழகிய கைக்கு அதன் சின்னமன் இடைமுகம் அந்நியமாகத் தெரிவதில்லை. குறைந்தது 2 ஜிபி நினைவகம் போதும் என்று மின்ட் சொன்னாலும், உலாவியில் பல பக்கங்களைத் திறந்து வைத்து வேலை செய்பவர்களுக்கு 8 ஜிபியும் ஓர் எஸ்எஸ்டியும் இருந்தால்தான் நிம்மதி. 4 ஜிபி மட்டுமே உள்ள கணினியில் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ இடைமுகம் கொண்ட பதிப்பை வைப்பது நல்லது.

தேர்வைவிட முக்கியமானது சோதனை. மின்ட்டின் நிறுவல் கோப்பான ஐஎஸ்ஓவை ஒரு பென்டிரைவில் எழுதி, அதிலிருந்தே கணினியை இயக்கலாம். வன்வட்டில் உள்ள எதுவும் மாறாது. கோப்பைப் பதிவிறக்கியதும் அது மாற்றப்படாமல் வந்திருக்கிறதா என்று காட்டும் எஸ்எச்ஏ256 சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்டுப் பார்ப்பதைத் தவிர்க்கக் கூடாது. 2016 பிப்ரவரியில் மின்ட்டின் இணையதளத்துக்குள் ஊடுருவியவர்கள், 17.3 சின்னமன் பதிப்புக்கான இணைப்பைத் தீய நிரல் கலந்த கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள்.  பென்டிரைவிலிருந்து இயங்கும்போது மேசைத்தளத்தின் அழகைப் பார்த்து முடிவெடுக்காமல், தன் ஒரு நாள் வேலையை அதில் செய்து பார்க்க வேண்டும். வைஃபை இணைகிறதா, மூடியை மூடித் திறந்தால் கணினி ஒழுங்காக விழித்தெழுகிறதா, வீட்டிலுள்ள அச்சுப்பொறி அச்சிடுகிறதா, வாடிக்கையாளர் அனுப்பிய வேர்டு கோப்பு சிதையாமல் திறக்கிறதா என்பவற்றை இந்தக் கட்டத்திலேயே அறிந்துகொள்ளலாம். தமிழ் விசைப்பலகையைக்கூட இங்கேயே நிறுவிப் பார்க்கலாம். கணினியை அணைத்ததும் அது மறைந்துவிடும்.

விண்டோஸையும் வைத்துக்கொண்டு அருகில் லினக்ஸை நிறுவ விரும்புபவர்கள் மூன்று செய்திகளை முன்னரே தெரிந்துகொள்வது நல்லது. இப்போதைய மடிக்கணினிகள் பலவற்றில் வட்டு ஏற்கனவே மறையாக்கம் செய்யப்பட்டிருப்பதால், பகிர்வுகளை (வட்டின் பிரிவுகளை) தொடுவதற்கு முன், விண்டோஸின் மறையாக்க வசதியான பிட்லாக்கரின் மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். விண்டோஸின் விரைவுத் தொடக்க வசதியை நிறுத்த வேண்டும். இல்லையென்றால் விண்டோஸ் பகிர்வை லினக்ஸிலிருந்து படிக்க மட்டுமே முடியும், எழுத முடியாமல் போகலாம். மூன்றாவது, லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு மாறும்போது கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டும். கணினியின் உட்கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் கொள்வதே அதற்குக் காரணம். பழுது எதுவும் இல்லை. லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றும் ஒரே ஒரு கட்டளையில் அது தீர்ந்துவிடும்.

இனி தமிழ். நான் தமிழ்99 முறையில் தட்டச்சு செய்பவள். இடக்கையில் உயிரெழுத்துகளும் வலக்கையில் பெரும்பாலான மெய்களும் அமைந்த அந்த முறையின் சிறப்பு, ஒரே மெய்யை இருமுறை அழுத்தினால் முதல் எழுத்துக்குத் தானாகவே புள்ளி விழுவதில் இருக்கிறது. ‘அம்மா’, ‘பக்கம்’ போன்ற சொற்கள் அவ்வளவு வேகமாக வருவதற்கு அதுவே காரணம். மின்ட்டின் விசைப்பலகை அமைப்புகளுக்குள் சென்று தமிழைச் சேர்த்தால் தமிழ்நெட்99 என்ற பெயரில் ஒரு தளவமைப்பு கிடைக்கும். ஆனால் ஒரு விசைக்கு ஒரு குறியீடு என்ற அளவில் மட்டுமே அது இயங்குவதால், முன்னால் வந்த எழுத்தைப் பார்த்துப் புள்ளி வைக்கும் அறிவு அதற்கு இல்லை. லினக்ஸில் தமிழ்99 ஒழுங்காக இல்லை என்று பலர் முடிவுகட்டுவது இந்த இடத்தில்தான். மென்பொருள் மேலாளரில் ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியையும் அதற்கான எம்17என் தொகுதியையும் நிறுவி, அதிலுள்ள தமிழ்99ஐத் தேர்ந்தெடுத்தால் முழுமையான தமிழ்99 கிடைக்கிறது. ஒலிபெயர்ப்பு முறையும் பழைய தட்டச்சுப் பொறி முறையும் அதே தொகுதியில் இருக்கின்றன.

பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் இன்னொரு பயனும் உண்டு. என் மகள் பள்ளியில் கன்னடம் படிக்கிறாள். அவளுடைய கட்டுரைகளைத் தட்டச்சு செய்வதற்குக் கன்னட கணக பரிஷத்தின் விசைப்பலகை முறை வேண்டியிருந்தது. அதுவும் அதே தொகுதியில் கிடைக்கிறது. ஆங்கிலம், தமிழ், கன்னடம் மூன்றும் ஒரே குறுக்குவிசையில் மாறிக்கொள்வதும், மூன்றுமே யூனிகோடில் இருப்பதும் எங்கள் வீட்டின் அன்றாடத் தேவைக்கு மிகச் சரியாகப் பொருந்துகின்றன. எந்த மென்பொருளுக்கும் தனியாகப் பணம் கட்டவில்லை.

எழுத்துருக்கள் இதைவிடச் சிக்கலான பகுதி. மின்ட்டில் நோட்டோ, லோஹித் ஆகிய தமிழ் எழுத்துருக்களை எளிதாகப் பெறலாம். திரையில் படிக்க நோட்டோ மிகவும் தெளிவானது. ஆனால் வாடிக்கையாளர்களின் கோப்புகள் லதாவிலோ நிர்மலாவிலோ இருக்கும். அவை விண்டோஸுடன் வருபவை என்பதால், மின்ட்டில் நான் பயன்படுத்தும் அலுவலக மென்பொருளான லிப்ரே ஆபிஸ் வேறொரு எழுத்துருவை இட்டு நிரப்புகிறது. எழுத்தின் அகலம் மாறுவதால் பக்க முறிவுகள் இடம் மாறுகின்றன. மெய்ப்புத் திருத்தும்போது ‘14ஆம் பக்கம், மூன்றாம் வரி’ என்று குறிப்பெழுதும் எங்களைப் போன்றவர்களுக்கு இது சிறிய செய்தியன்று. பக்க எண்ணை நம்பாமல் கோப்பிலேயே கருத்துரையாகக் குறிப்பிடும் வழக்கத்துக்கு மாறிய பிறகே இது தீர்ந்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லிப்ரே ஆபிஸ் தமிழைச் சிக்கலான எழுத்துமுறை என்ற வகையில் வைத்து, அதற்கென்று எழுத்துருவையும் அளவையும் தனியாகக் கையாள்கிறது. அமைப்புகளில் அந்த வகையை இயக்கி, பாணிகளில் தமிழுக்கான எழுத்துருவைத் தனியே நிர்ணயித்துவிட்டால், தமிழும் ஆங்கிலமும் கலந்த பத்திகளில் அளவு மாறி மாறி வரும் தொல்லை நின்றுவிடும்.

பாமினி, வானவில் போன்ற பழைய குறியாக்கங்களில் உள்ள கோப்புகள் இன்றும் வந்துகொண்டிருக்கின்றன. அந்த எழுத்துருவைக் கணினியில் சேர்த்தால் படிக்க முடியும். தேடவோ திருத்தவோ முடியாது. இவற்றை யூனிகோடுக்கு மாற்ற ஓப்பன் தமிழ் என்ற கட்டற்ற நிரல் தொகுப்பைப் பயன்படுத்துகிறேன். கட்டளைகளை இடும் முனையத்தில் (டெர்மினல்) நான் ஏதேனும் தட்டச்சு செய்வது பெரும்பாலும் இதற்காகவும், பக்கத்தின் படத்திலிருந்து எழுத்தைப் படித்துத் தரும் எழுத்துணரிக்காகவும்தான். டெஸராக்ட் என்ற அந்த எழுத்துணரி 2005இல் கட்டற்ற மென்பொருளாக வெளியானது. அதற்குத் தமிழ்த் தரவும் உண்டு. தெளிவாக அச்சான புத்தகப் பக்கங்களை அது நன்றாகவே எழுத்தாக்குகிறது. மங்கிய தாளிலும் பழைய லை, னை வடிவங்களிலும் தடுமாறுகிறது. ஆயினும் முழுப் பக்கத்தையும் மறுபடி தட்டச்சு செய்வதோடு ஒப்பிட்டால் மிச்சமாகும் உழைப்பு மிக அதிகம். அன்றாட வேலைகளுக்கு முனையத்தைத் திறக்க வேண்டிய கட்டாயம் எனக்கு ஏற்பட்டதே இல்லை.

அச்சுப்பொறியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். வைஃபை வழியாக இயங்கும் அண்மைக்கால அச்சுப்பொறிகள் பெரும்பாலானவற்றை மின்ட் தானாகவே கண்டுகொள்கிறது. எச்பி கருவிகளுக்கு எச்பிலிப் என்ற இயக்கித் தொகுப்பு உண்டு. எங்கள் வீட்டிலிருந்த பழைய லேசர் அச்சுப்பொறி மட்டும் இறுதிவரை ஒத்துவரவில்லை. புதியவர்கள் அச்சுப்பொறியைப் பென்டிரைவ் கட்டத்திலேயே சோதிக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்கு இதுவே காரணம்.

நெடுநாள் பயன்பாட்டில் என் மதிப்பை மிகவும் உயர்த்திய பகுதி இற்றை முறை. இற்றைகள் வந்திருப்பதை மின்ட் அறிவிக்கிறது. எப்போது நிறுவுவது என்பது நம் கையில் இருக்கிறது. கெடு நெருங்கும் மாலையில் கணினி தானாக மறுதொடக்கம் ஆவது இங்கே கிடையாது. கணினியின் நிலையை அவ்வப்போது பதிந்து வைக்கும் டைம்ஷிஃப்ட் என்ற கருவியை நிறுவிய அன்றே அமைத்துவிட வேண்டும். ஏதேனும் இற்றை தொல்லை தந்தால் முந்தைய நாளின் நிலைக்குச் சில நிமிடங்களில் திரும்ப முடியும். ஆனால் டைம்ஷிஃப்ட் இயல்பாக இயங்குதளத்தை மட்டுமே காக்கிறது. நம் ஆவணங்கள் உள்ள ஹோம் அடைவை அது சேர்ப்பதில்லை. அவற்றை வெளிவட்டு ஒன்றில் தனியாக நகலெடுத்து வைக்க வேண்டும். மின்ட் 20இலிருந்து 21க்கும், பிறகு 2024 ஜூலையில் வெளியான 22க்கும், அவர்களே தரும் மேம்படுத்தும் கருவியின் வழியாகவே மாறினேன். ஆவணங்களும் தமிழ் விசைப்பலகை அமைப்பும் அப்படியே தொடர்ந்தன. 22ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு.

உதவி தேடுபவர்களுக்குத் தமிழில் கணியம் இதழ் இருக்கிறது. 2012 முதல் கட்டற்ற மென்பொருள்களைப் பற்றி எளிய தமிழில் எழுதிவருகிறார்கள். 2001இலேயே லினக்ஸுக்கென்று ஒரு மாநாடு நடந்த இந்த நகரத்தில், கேட்டால் சொல்லித்தருபவர்களுக்கும் பஞ்சமில்லை.

எல்லாரும் மாறலாம் என்று நான் சொல்லமாட்டேன். டேலி விண்டோஸுக்கான கணக்குப் பதிவு மென்பொருள். பக்க வடிவமைப்புக்கான இன்டிசைனுக்கும் ஃபோட்டோஷாப்புக்கும் லினக்ஸ் பதிப்பு இல்லை. லினக்ஸில் கிடைக்கும் பக்க வடிவமைப்பு மென்பொருளான ஸ்கிரைபஸில் இப்போது தமிழ் ஒழுங்காக வருகிறது என்றாலும், அச்சகத்திலிருந்து இன்டிசைன் கோப்பாகவே கேட்கும்போது அது உதவாது. கணக்கரோ பக்க வடிவமைப்பாளரோ அந்த வேலைக்கு ஒரு விண்டோஸ் கணினியை வைத்துக்கொள்வதே முறை.

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுக்கு வந்தபோது, எங்கள் தெருவில் டியூஷன் நடத்தும் ஒருவர் தம் கணினிகளை என்ன செய்வதென்று கேட்டார். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாததாலும் செயலிகள் (பிராசசர்கள்) இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவை என்பதாலும் அவற்றில் விண்டோஸ் 11 ஏற்காது. பென்டிரைவில் மின்ட்டைக் கொண்டுபோய் ஒவ்வொன்றிலும் இயக்கிப் பார்த்தோம். கட்டணக் கணக்கை டேலியில் வைத்திருந்ததால் அதற்கு மட்டும் விண்டோஸ் 11 ஏற்கும் கணினி ஒன்றை வாங்கிக்கொள்ளச் சொன்னேன். மாணவர்கள் பயன்படுத்தும் மற்றவற்றில் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ நிறுவி, தமிழ்99ஐயும் கன்னட விசைப்பலகையையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். ஒரு கணினியின் வைஃபை சிப்புக்கு மட்டும் இயக்கி மேலாளரிலிருந்து தனி இயக்கியை நிறுவ வேண்டியிருந்தது.