டபுள்வைட் வீட்டின் ஹீட்டரும் ஏசியும்: எட்டு ஆண்டு அனுபவம்

வட கரோலினாவில் ராலே நகருக்குத் தென்கிழக்கே, ஜான்ஸ்டன் கவுண்டியில் நாங்கள் 2016 வசந்தத்தில் வாங்கிய வீடு, 1998இல் ஆலையில் இரண்டு பாதிகளாகக் கட்டப்பட்டு, லாரியில் வந்து, மனையில் ஒன்றாகப் பொருத்தப்பட்ட டபுள்வைட். அக்கம்பக்கத்தார் இன்னமும் மொபைல் ஹோம் என்றுதான் சொல்கிறார்கள். சட்டப்படி, 1976 ஜூன் 15 முதல் கூட்டாட்சி அரசின் வீட்டுவசதித் துறை வகுத்த விதிகளின்படி ஆலையில் கட்டப்படுபவை மேனுஃபாக்சர்டு ஹோம் எனப்படும். ஒவ்வொரு பாதியின் வெளிச்சுவரிலும் அறைந்திருக்கும் சிறிய சிவப்புத் தகடு அதற்கு அடையாளம். எட்டுக் குளிர்காலங்களையும் ஒன்பது கோடைகளையும் இந்த வீட்டில் கழித்த பிறகு, இதே வகை வீடு வாங்க எண்ணும் நண்பர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில், வீட்டுக்குள் காற்று எப்படிச் சுற்றுகிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் ஹால் அருகே ஓர் ஒடுங்கிய அலமாரிக்குள், காற்றைச் சூடாக்கி வீடெங்கும் தள்ளும் 15 கிலோவாட் மின்சார ஃபர்னஸ் நின்றிருந்தது. சாதாரண வீடுகளில் பல ஃபர்னஸ்கள் காற்றை மேலே தள்ளும். இது கீழே தள்ளுவது. ஒவ்வொரு பாதியின் தரைக்கு அடியிலும் நீளவாக்கில் ஒரு தகரக் காற்றுக்குழாய் ஓடுகிறது. ஃபர்னஸ் இருக்கும் பாதியிலிருந்து மறுபாதிக்குக் காற்றைக் கொண்டுசெல்வது, வீட்டின் வயிற்றுக்குக் கீழே, வெளியில் தொங்கும் ஒரே ஒரு வளையும் குழாய். அதை இங்கே கிராஸ்ஓவர் என்கிறார்கள். அறைகளிலிருந்து காற்று திரும்பிவரத் தனிக் குழாய் கிடையாது. கதவுகளின் அடியிடைவெளி வழியாக நழுவிவந்து ஃபர்னஸ் கதவின் சட்டங்களுக்குள் அது நுழைய வேண்டும். படுக்கையறைக் கதவின் அடியில் குளிருக்காகத் துணியைச் செருகினால் அந்த அறைக்குக் கிடைக்கும் வெப்பமும் குறைந்துபோவது இதனால்தான்.

முதல் குளிர்காலத்தில் ஹால் பக்கம் வியர்த்தது. சமையலறையும் பின்பக்கப் படுக்கையறையும் இருந்த மறுபாதியில் காலுறை இல்லாமல் நிற்க முடியவில்லை. 15 கிலோவாட் என்றால் ஒரு மணி நேரம் ஓடினால் 15 யூனிட். 2017 ஜனவரி மாதத்துக்கு மட்டும் 2,600 யூனிட் ஓடியிருந்தது. பார்க்க வந்த மெக்கானிக், வீட்டுக்குள் பத்து நிமிடம் நின்றுவிட்டு, இயந்திரம் போதவில்லை, ஃபர்னஸையும் 3 டன் ஏசியையும் பெரிதாக்க வேண்டும் என்றார். தரைக்கு அடியில் அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பதைப் பின்னர்தான் நினைத்துப் பார்த்தேன்.

அன்று மாலை சுவரில் தொங்கிய தினக்காலண்டரில் கிழித்த தாள் ஒன்றைத் தரையிலிருந்த காற்றுவாய் ஒவ்வொன்றின் மீதும் வைத்துப் பார்த்தேன். ஹாலில் அது முழங்கால் உயரம் எழும்பிப் புரண்டது. சமையலறையில் ராகுகாலம், எமகண்டம் எல்லாம் நிதானமாகப் படிக்கும் அளவுக்கு அசையாமல் கிடந்தது. மறுநாள் வீட்டைச் சுற்றியிருக்கும் ஸ்கர்ட்டிங் பலகைகளில் ஒன்றைக் கழற்றி டார்ச்சுடன் தவழ்ந்து போனேன். சுற்றிலும் மண் சில்லிட்டுக் கிடக்க, நடுவில் ஒரு பாய் அளவு இடம் மட்டும் காய்ந்து வெதுவெதுப்பாக இருந்தது. அதில் பக்கத்து வீட்டுப் பூனை சுருண்டு படுத்திருந்தது. அதன் தலைக்கு மேலே, கிராஸ்ஓவர் குழாய் தன் தகரக் கழுத்திலிருந்து பாதி கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. பழைய சாம்பல் நிற டேப் காய்ந்து, தொட்டதும் உதிர்ந்தது. இரண்டு மாதங்களாக அந்தப் பூனைக்கு ஹீட்டர் போட்டவர்கள் நாங்கள்தான்.

புதிய குழாய், இறுக்குப் பட்டைகள், மூட்டுகளில் பூசும் மாஸ்டிக் பசை, வயிற்றுப்பக்கக் கறுப்பு உறையின் கிழிசலுக்கு ஒட்டுத்துணி என எல்லாமாக 180 டாலர்தான் ஆயிற்று. டக்ட் டேப் என்று பெயர் வைத்திருக்கும் அந்தச் சாம்பல் டேப்பைக் காற்றுக்குழாயில் மட்டும் ஒட்டாதீர்கள். குழாய் மண்ணைத் தொடாதபடி பட்டைகளில் தொங்க வேண்டும். மண்ணில் கிடந்தால் ஈரம் ஏறும், எலி கடிக்கும். 2018 ஜனவரியின் முதல் வாரம் இங்கே அசாதாரணக் குளிர் என்பதால் பில்லை முந்தைய ஆண்டுடன் நேர்மையாக ஒப்பிட முடியாது. ஆனால் இரண்டு பாதிகளும் ஒரே வெப்பத்தில் இருந்தன.

2019 கோடையில் பழைய ஏசியின் கம்ப்ரசர் நின்றது. அதில் குளிரூட்ட இருந்தது ஆர்-22 என்ற வாயு. 2020 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் அதன் உற்பத்திக்கும் இறக்குமதிக்கும் தடை வரவிருந்ததால், பழுதுபார்ப்பதைவிட மாற்றுவதே மேல் என்று ஹீட் பம்ப்புக்குப் போனோம். ஹீட் பம்ப் மின்சாரத்தை நேரே வெப்பமாக்காமல், வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை உள்ளே கடத்துகிறது; கோடையில் அதுவே ஏசியாகவும் ஓடும். மிதமான குளிரில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டரை முதல் மூன்று யூனிட் வரை வெப்பம் கிடைக்கும். உள்ளே வைக்கும் பகுதி மேனுஃபாக்சர்டு ஹோமுக்கென அங்கீகரிக்கப்பட்ட, காற்றைக் கீழே தள்ளும் மாதிரியாக இருக்க வேண்டும் என்று முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்கு முதலில் வந்தது சாதாரண வீட்டுக்கான மாதிரி. அலமாரிக்குள் நுழையாமல் அது திரும்பிப் போனது. மொத்தச் செலவு ஆறாயிரம் டாலருக்குச் சற்று மேல். அடுத்த ஜனவரி 1,400 யூனிட்டில் முடிந்தது.

நாங்களாகச் செய்துகொண்ட தவறும் ஒன்று உண்டு. பழைய பழக்கத்தில் இரவு தெர்மோஸ்டாட்டைப் பத்து டிகிரி பாரன்ஹீட் இறக்கிக் காலையில் ஒரேயடியாக ஏற்றினோம். அப்படி ஏற்றும்போது ஹீட் பம்ப்புக்குத் துணையாக 10 கிலோவாட் மின்கம்பிச் சுருள்கள் எரியத் தொடங்கி, இரவு மிச்சம் பிடித்ததைக் காலையில் தின்றுவிடும். இப்போது இரவும் பகலும் 68 டிகிரியில் விட்டுவிடுகிறோம்.

கோடையைப் பொறுத்தவரை, 4 டன்னுக்குப் போகாதது நல்லதாயிற்று. இங்குள்ள சிக்கல் வெயிலைவிடப் புழுக்கம். அளவுக்கு மீறிய ஏசி வீட்டைச் சட்டென்று குளிர்வித்து நின்றுவிடும், ஈரம் அப்படியே தங்கும். சரியான அளவு ஏசி நிதானமாக நீண்ட நேரம் ஓடி ஈரத்தையும் வடிக்கிறது. வீட்டுக்கு அடியில் மண்ணின் மேல் கனத்த பிளாஸ்டிக் தாள் விரித்ததும் கை கொடுத்தது.

குறை என்றால் சத்தம். ஹாலுக்குப் பக்கத்திலேயே விசிறி நிற்பதால், அது ஓடத் தொடங்கினால் தொலைக்காட்சியில் வசனம் கேட்காது. எட்டு ஆண்டுகளில் இதற்கு எனக்கு வழி கிடைக்கவில்லை. இன்னொன்று, 2022 டிசம்பர் 24 காலை கடுங்குளிரில் மாநிலத்தின் பல இடங்களில் சுழற்சி முறையில் மின்சாரத்தை நிறுத்தினார்கள். முழுக்க மின்சாரத்தை நம்பிய வீடு எவ்வளவு வேகமாக ஆறுகிறது என்பதைக் கம்பளிக்குள் இருந்தபடி கண்டோம்.

ஆண்டுதோறும் அக்டோபரில் காலண்டர் தாள் சோதனையைச் செய்கிறேன். இந்த முறை ஹாலிலும் சமையலறையிலும் தாள் நன்றாக எழும்பியது. பின்பக்கப் படுக்கையறையில் மட்டும் ஓரம் தூக்கி மறுபடி படுத்துக்கொண்டது. சனிக்கிழமை கீழே தவழ்ந்து பார்க்க வேண்டும்.