பாடல் தொகுப்பை ஒழுங்குபடுத்தித் தருவதாகச் சொல்லும் கட்டண மென்பொருள்: 60 டாலர் கட்டும் முன் இதைப் படியுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் "போனது போகட்டும்" என்று விட்டுவிடுவோம். அதை நம்பித்தான் இவர்கள் கடை விரித்திருக்கிறார்கள்.

பாடல் கோப்புகளில் தலைப்பு, பாடகர், இசையமைப்பாளர், ஆல்பம், ஆண்டு என்று எல்லா விவரங்களையும் தானாகவே நிரப்பி, கோப்புறை வாரியாக அடுக்கித் தரும் என்று விளம்பரம் செய்யப்படும் ஒரு மென்பொருள். ஓராண்டுச் சந்தா 60 டாலர். கட்டினேன். பணமும் போயிற்று, பல ஆண்டுகளாக நானே தட்டச்சு செய்து சேர்த்த விவரங்களும் போயின.

என்னிடம் இருப்பவை கடையில் வாங்கி இறக்கிய பாடல்கள் மட்டுமல்ல. பழைய கேசட்டுகளிலிருந்தும் இசைத்தட்டுகளிலிருந்தும் நானே கணினிக்கு மாற்றியவை ஏராளம். ஒவ்வொன்றிலும் 'கருத்து' என்ற புலத்தில், எந்த நாடாவின் எந்தப் பக்கம், யார் பதிவு செய்தது, எந்த இடத்தில் ஒலி தேய்ந்திருக்கிறது என்று குறித்து வைத்திருந்தேன். தொகுப்பு பெருகப் பெருக, ஒரே பாடகரின் பெயர் மூன்று விதமான எழுத்துக்கூட்டலில் வந்து நின்றது. அதைச் சீர்செய்யத்தான் இந்த மென்பொருளைத் தேடிப் போனேன்.

வலையில் விழவைக்கும் இடம் எது என்று சொல்கிறேன், கவனியுங்கள். இலவசச் சோதனை என்று சில பாடல்களை மட்டும் சரிசெய்து காட்டுகிறார்கள். அந்தப் பாடல்களை மென்பொருளே தேர்ந்தெடுத்துக்கொள்கிறது. இடப்பக்கம் பழைய விவரம், வலப்பக்கம் புதிய விவரம். கண் எதிரே அட்டைப்படம், ஆண்டு, இசையமைப்பாளர் பெயர் எல்லாம் பிசகில்லாமல் வந்து அமர்ந்தன. 'முழுத் தொகுப்பையும் சரிசெய்' என்ற பொத்தானுக்குக் கீழே, "உங்கள் பழைய விவரங்களுக்கு எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம்" என்று எழுதியிருந்தது. அந்த ஒரு வரியை நம்பித்தான் 60 டாலர் கொடுத்தேன்.

சோதனையில் காட்டியவை எல்லாரும் கேட்கும் பிரபலமான பாடல்கள் என்பது பிறகுதான் உறைத்தது. இத்தகைய மென்பொருள்கள் ஒலியிலிருந்து, கைரேகை போல அந்தப் பதிவை அடையாளம் காட்டும் ஒரு ரேகையை எடுத்து, தரவுத்தளத்தில் இருக்கும் ரேகைகளோடு ஒப்பிடுகின்றன. தரவுத்தளத்தில் இல்லாத பதிவு என்றால் 'தெரியவில்லை' என்று விட்டுவிடுவதுதான் முறை. இது விடவில்லை. தலைப்பில் ஒரு சொல் ஒத்துப்போனாலே போதும் என்று, சம்பந்தமே இல்லாத ஆல்பத்தின் பெயரைக் கொண்டுவந்து ஒட்டியிருக்கிறது. ஆல்பம் முழுவதற்கும் பொதுவாக ஒரே பெயரை எழுதும் 'ஆல்பம் கலைஞர்' என்ற புலத்தை வெறுமையாக்கிவிட்டதால், பலர் பாடிய ஒரே ஆல்பம் பாடகருக்கு ஒன்றாகச் சிதறிக் கிடக்கிறது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். தமிழில் எழுதியிருந்த தலைப்புகளைத் திறந்து பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. "???? ??????? ???" என்று வரிசையாகக் கேள்விக்குறிகள். எம்பி3 கோப்பில் விவரம் எழுதும் ஐடி3 முறையின் முதல் வடிவம் 1996-இல் வந்தது. கோப்பின் கடைசி 128 பைட்டுகளில் எல்லாவற்றையும் அடக்க வேண்டும், தலைப்புக்கு 30 பைட்டுகள்தான். அது லத்தீன் எழுத்துகளை மனத்தில் வைத்துச் செய்தது. 1999-இல் வந்த 2.3 வடிவத்திலேயே, தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்துகளையும் ஏற்கும் யூனிகோடு இருந்தது, 2000-இல் வந்த 2.4 யூனிகோடை எழுதும் இன்னொரு முறையான யூடிஎஃப்-8ஐயும் ஏற்றுக்கொண்டது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் காசு வாங்கிக்கொண்டு விற்கும் ஒரு மென்பொருள், லத்தீன் குறியாக்கத்தில் தமிழைத் திணித்திருக்கிறது. எழுத்துகள் வேறு குறிகளாகத் தெரிந்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம், உள்ளே பைட்டுகள் பத்திரமாக இருக்கும். கேள்விக்குறியாக எழுதிவிட்டால் உள்ளே இருப்பதும் கேள்விக்குறிதான். ஒன்றும் செய்ய முடியாது.

பழைய விவரங்களுக்குத் திரும்பும் வசதியை அழுத்தினேன். கோப்புகளின் பெயர்கள் மட்டும் பழையபடி மாறின. கோப்பின் உள்ளே எழுதியிருந்த பழைய விவரம் (டேக்) எதையும் அது சேமித்து வைக்கவே இல்லை.

உதவிக்கு எழுதினால் முதலில் ஓர் இயந்திரப் பதில். பிறகு, "புதிய பதிப்பை நிறுவி மீண்டும் ஓட்டிப் பாருங்கள்" என்றார்கள். அழிந்துபோன விவரம் மீண்டும் ஓட்டினால் எங்கிருந்து வரும்? அடுத்தவர் வந்து, "உங்கள் கோப்புகளில் ஏற்கெனவே தவறான விவரங்கள் இருந்திருக்கலாம்" என்றார். சேதமாகாத ஒரு பிரதியையும் சேதமான பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பினேன். அதற்குப் பதிலே இல்லை. புகார் "தீர்க்கப்பட்டது" என்று மூடப்பட்டுவிட்டது. எதைத் தீர்த்தார்கள்? 60 டாலரைத் திருப்பித் தாருங்கள் என்று புதிதாகப் புகார் கொடுத்தால், "ஒரு கோப்பையேனும் மாற்றியிருந்தால் சேவை பயன்படுத்தப்பட்டதாகக் கருதப்படும், பணம் திரும்பத் தரப்படாது" என்று விதியைக் காட்டுகிறார்கள். மாற்றிப் பார்க்காமல் கெடுக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்? 60 டாலர் வாங்கும்போது இருந்த இனிப்பு, திருப்பிக் கேட்கும்போது ஒரு சொட்டுகூட இல்லை.

தொகுப்பை எப்படிப் பாதுகாப்பாக அடுக்குவது என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன். இப்போது அதற்கு மனமில்லை. சிலவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். சோதனைக்கு உங்களிடம் இருப்பதிலேயே மோசமான, யாரிடமும் இல்லாத பதிவுகளைக் கொடுங்கள். மென்பொருள் தேர்ந்தெடுப்பதை ஏற்காதீர்கள். தமிழ்த் தலைப்புள்ள கோப்பு ஒன்றை ஓட்டி, பாட்டு கேட்கும் வேறொரு மென்பொருளில் திறந்து பாருங்கள். திரும்பும் வசதி கோப்பின் பெயரை மீட்கிறதா, உள்விவரத்தை மீட்கிறதா என்று காசு கொடுக்கும் முன்பே எழுத்தில் கேளுங்கள். மியூசிக்பிரெயின்ஸ் என்ற இசைத் தரவுத்தளத்தைப் பயன்படுத்தி இதே வேலையைச் செய்யும் பிக்கார்ட் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. பழைய விவரத்தையும் புதிய விவரத்தையும் காட்டிவிட்டு, நீங்கள் சேமிக்கச் சொன்னால்தான் கோப்பைத் தொடும்.

இன்னொன்று, இதுதான் அவசரம். சந்தா தானாகவே புதுப்பிக்கப்படும்படி முன்கூட்டியே தேர்வு செய்து வைத்திருக்கிறார்கள். அதை நிறுத்தும் பொத்தான் கட்டணப் பக்கத்தில் இல்லை, 'அறிவிப்பு விருப்பங்கள்' பக்கத்தின் அடியில் கிடக்கிறது. இதுபோன்ற மென்பொருளுக்கு ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் இன்றைக்கே போய் அதை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஆண்டும் 60 டாலரை எடுத்துக்கொள்வார்கள்.